ஐரீன் வீட்டு ஒண்டுக்குடித்தனங்கள்

தண்ணீர் மோட்டாரின் மூடியைக் கழற்றுவதற்கு முன் ஐரீன் அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். மூடி கழன்றதும் இன்னொரு படம். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் எங்கெங்கே போய்ச் சேருகின்றன என்று கிட்டத்தில் குனிந்து மற்றொன்று. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயிற்று. நான் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது தெரிந்து, நிமிராமலே சொன்னார்: "திரும்பி வர்றதுக்கு வழி வெச்சிகினுதான் சார் உள்ள காலு வெக்கணும்."

இது அவருடைய வேதவாக்கு. கிறிஸ்துமஸ் முடிந்து குடிலைக் கலைக்கும் முன்பும் படம் எடுத்து வைப்பாராம். எந்த ஆட்டுக்குட்டி எந்த மூலையில் நின்றது என்று அடுத்த வருஷம் வீட்டில் சண்டை வராது. தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்தாலும் படம், பிரிட்ஜை நகர்த்தினாலும் படம். அவருடைய கணவர் ஜார்ஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர், ரகசியம் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னார்: "கண்ணாலத்துக்கு முன்னாடி மட்டும் ஒரு படம் எட்துக்காம வுட்டுட்டா சார். எட்திருந்தா அன்னிக்கே ரிட்டன் பூட்டிருப்பா."

"இப்பவும் ஒண்ணும் லேட் ஆவல" என்று மோட்டார் பக்கமிருந்து பதில் வந்தது.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சமையலறை வரை வந்து போகிற ஒரு சந்தில் இருக்கிறது இவர்கள் வீடு. கடல் காற்று பட்டு ஜன்னல் கம்பியெல்லாம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் மாடியறைக்கு மட்டும் புதுக் கதவு, புது ஏசி. ஐம்பதைத் தாண்டிய ஐரீன், நைட்டிக்கு மேல் துண்டு போட்ட கோலத்தில் வீடெல்லாம் சுற்றிவருகிறார். அந்த அறைக்குள் நுழையும்போது மட்டும் ஆணியில் தொங்கும் மெரூன் நிற ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்கிறார். சித்திரை வெயிலில் ராயபுரத்தில் ஸ்வெட்டர் காயப் போட்டிருக்கும் கொடியைப் பார்த்தால் அது ஐரீன் வீடு என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஜார்ஜுக்கும் அந்த அறையில் ஒரு கயிற்றுக்கட்டில் உண்டு. "மெஷினுக்கு ஏசி, மனுசனுக்கு விசிறின்னா இன்னா நாயம்? அதான் நானும் மெஷினாண்ட படுத்துக்குறேன்" என்பது அவர் கட்சி.

மெஷின் என்று அவர் சொல்வது இடுப்பு உயரத்துக்கு நிற்கும் ஒரு கறுப்புப் பெட்டி. மணலி, திருவொற்றியூர், காசிமேடு பக்கத்துச் சிறு நிறுவனங்களின் கணக்கு வழக்கெல்லாம் இதற்குள்தான் ஓடுகிறது. அவரவர் கடையில் இருக்கும் கணினி, இணையம் வழியாக இந்தப் பெட்டியைத்தான் கேட்டுக் கேட்டு வேலை செய்கிறது. எனக்கு விளங்காதது இதுதான். ஒரு வாடிக்கையாளர் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சர்வர் மென்பொருளை வைத்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் போன வருஷத்தது. புதுசும் பழசும் ஒரே கணினியில் இருந்தால் அடித்துக்கொள்ளும் என்பார்களே? நான் அறிந்தவரையில் என் ஒற்றை மடிக்கணினியிலேயே அவை குடுமிப்பிடி சண்டை போடும்.

ஐரீன் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நம்ம ஏரியால ஒரு வூட்ட வாங்கி அஞ்சு போர்ஷனா தடுத்து வாடகைக்கு வுட்றாங்க இல்ல? அதே கததான். வெளிய பாத்தா ஒரே வூடு. உள்ள ஒவ்வொருத்தனும் இது என் தனி வூடுன்னு நெனச்சிகினு கீறான். அடுப்பு தனி, கதவு தனி. தண்ணியும் கரண்டும் நான் பாத்து பிரிச்சி வுடுவேன். ஒரு போர்ஷன்ல கருவாடு பொரிச்சா பக்கத்து போர்ஷனுக்கு வாசன கூட போவக் கூடாது. அவ்ளோதான் சார் என் வேல."

கணினிக்காரர்கள் மெய்நிகர் கணினி என்று பெரிதாகப் பெயர் வைத்திருப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். ஒரு நிஜக் கணினிக்குள் ஐந்து பொய்க் கணினிகள். ஒவ்வொன்றும் தன்னை நிஜம் என்றே நம்புகிறது. ஒன்று சுருண்டு விழுந்தாலும் மற்றவற்றுக்குச் சேதி தெரியாது. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன் நான். அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழாத ஒண்டுக்குடித்தனம் இருக்கமுடியும் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்பு பீரோ. அதன் கதவில் வீட்டின் வரைபடம் சாக்பீஸால் எழுதப்பட்டிருக்கிறது. 'முன் ரூம்' என்பது காசிமேட்டு ஐஸ் கம்பெனி. 'மாடி' என்பது புத்தம் புது வெர்ஷன். 'கக்கூஸ் பக்கத்து ரூம்' என்று ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது எல்லாவற்றிலும் கிழட்டு வெர்ஷன். ஐரீன் ஒரு காலத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த துறைமுகக் கிளியரிங் ஆபீஸுக்காக அதை வைத்திருக்கிறார். வருஷத்தில் எப்போதாவது ஒரு பழைய கேஸ் கிளம்பும்போதுதான் அந்தக் கதவைத் திறப்பார்கள். "எல்லாரும் மூக்க பிடிச்சிகினு போவாங்க. ஆனா அந்த ரூம் இல்லாத வூடு ஆவுமா?" என்று கேட்டார் ஐரீன். அவர் கேட்ட விதத்தில் எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

'கீழ் போர்ஷன்' என்பதற்கு நேராக மட்டும், '31 காலி' என்று, அதாவது முப்பத்தொன்றாம் தேதி காலி என்று எழுதியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டதும் ஐரீனின் முகம் மாறிவிட்டது. நன்றாக ஓடுகிற மோட்டாரைக் காலையில் வீணாகக் கழற்றிப் பார்த்ததற்கும் காரணம் அப்போதுதான் தெரிந்தது. கை சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கும் ஆள் அவர். அன்றைக்கு மதியம் கீழ் போர்ஷனைக் காலி செய்யச் சொல்லி ராமதாஸ் நேரில் வருவதாக இருந்தது.

ராமதாஸ் மணலியில் ஓர் எடை மேடை வைத்திருக்கிறார்; கீழ் போர்ஷன் அதற்கானது. லாரிகள் காலியாக வந்து மேடையில் ஏறும், ஒரு எடை. பிறகு ஆலைக்குப் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி வந்து ஏறும்; இன்னொரு எடை. இரண்டையும் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். மேடையோரக் கூண்டில் உட்கார்ந்து இந்த எடைகளைப் பதிபவர் மலிகா. வெகு காலமாக அந்த நாற்காலிதான் அவருக்குச் சோறு போடுகிறது. வீட்டில் சம்பாதிக்கிற வேறு கை இல்லை. சர்க்கரை நோயில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. எதிரே வரும் லாரி தெரியும், அதன் நம்பர் பலகையைக் கிட்டத்தில் போனால் படித்துவிடுவார், பொடி எழுத்து மட்டும் சுத்தமாகத் தெரியாது. கீழ் போர்ஷனில் இருக்கும் பழைய வெர்ஷனில் திரை முழுக்கக் கறுப்பு, அதில் சோளப்பொரி மாதிரிப் பெரிய பெரிய பச்சை எழுத்து. விசைகளை விரல் பழக்கத்திலேயே அமுக்கிவிடுவார். புது வெர்ஷனில் எல்லாம் வெள்ளை. வெள்ளையில் சாம்பல் நிறப் பொடி எழுத்து. மவுஸ் அம்பைக் கொண்டுபோய்க் கடுகளவு கட்டத்தில் வைத்துத் தட்ட வேண்டும். கீழ் போர்ஷன் போனால் மலிகாவின் நாற்காலியும் போகும்.

ராமதாஸைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எடைச் சீட்டு காகிதத்தில் வந்தால் போதாது, கைப்பேசிக்கும் வரவேண்டும் என்று சரக்கு அனுப்பும் கம்பெனிகள் கேட்கின்றன. பழைய வெர்ஷனுக்கு அந்த வித்தை தெரியாது.

ஐரீன் இதற்கு ஒரு வழி யோசித்தார். மலிகா பழைய வீட்டிலேயே பதியட்டும். பதிந்ததைச் சுவரில் ஒரு ஓட்டை போட்டு, சாப்பாட்டுத் தட்டை நீட்டுவதுபோல மாடிக்கு நீட்டிவிடலாம். புது வெர்ஷன் அதை வாங்கிக் கைப்பேசிக்கு அனுப்பட்டும். ஆனால் ஓடுகிற வீட்டுச் சுவரில் ஓட்டை போட அவருக்கு மனசு வராதே! கீழ் போர்ஷனை அச்சு அசலாக நகல் எடுத்து, ஒரு இரட்டையை உண்டாக்கினார். அதில் ஓட்டை போட்டுப் பழகினார். ஒவ்வொரு நாளும் காலையில் இரட்டையை அப்படியே படம் பிடித்து வைப்பார். மதியம் வேலை முடிந்ததும் அந்தப் படத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார். இடையில் நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும். நாம் எத்தனையோ நாள் ஏங்குகிற விஷயம், ஐரீனுக்கு ஒரே தட்டலில் முடிந்துவிடுகிறது.

சோதனைக்காக மலிகாவின் திரையில் இரட்டைக்கும் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்திருந்தார். இரண்டுக்கும் ஒரே கறுப்பு, ஒரே பச்சை. மேடையில் எடை காட்டும் பெட்டியோ அசல் கேட்டாலும் இரட்டை கேட்டாலும் எடையைச் சொல்லிவிடும் அப்பாவி. ஒரு காலையில் மணலி ரோட்டில் நெரிசல். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக மேடைக்கு வந்து நிற்க, மலிகா அவசரத்தில் இரட்டையின் பொத்தானைத் தட்டிவிட்டு, அத்தனை காலி லாரிகளையும் அதிலேயே பதிந்துவிட்டார். சீட்டும் ஒழுங்காக அச்சாகி வந்தது. சந்தேகம் வர வழியே இல்லை.

மதியம் ஐரீன் இங்கே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, இரட்டையை வழக்கம்போல் காலைக்குத் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மலிகா போனில் கத்தினார்: "யக்கா, வண்டி லோடோட மேடமேல ஏறி நிக்குது, இது இன்னாடான்னா அந்த வண்டியே வர்லன்னு சொல்லுது!" அடுத்த லாரிக்கும் அதே பதில். அதற்கடுத்ததற்கும். ஹாரன் சத்தம் போனைத் தாண்டி ராயபுரத்துக்குக் கேட்டதாம்.

"ரெட்ட புள்ளைங்களுக்கு ஒரே சட்டய போட்டு வுட்டது நானு. அவ இன்னா பண்ணுவா?" என்று சொல்லும்போது ஐரீன் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழி வைத்துக்கொண்டுதான் உள்ளே போனார். அந்த வழியே ஒரு காலைப்பொழுதைத் தின்றுவிட்டது.

போன எடையைத் திரும்பப் பெற ஒரே இடம்தான் இருந்தது. காலி எடைச் சீட்டு ஒவ்வொரு டிரைவர் கையிலும் இருந்தது. ஐரீன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மணலிக்குப் போய், மேடையிலும் ஆலை வாசலிலும் வரிசையாக நின்ற லாரிகளின் ஏணியில் ஏறி ஏறி, சீட்டைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார். ஸ்வெட்டரைக் கழற்ற மறந்துபோய் அதோடே போயிருக்கிறார். அந்தப் படங்கள் இன்னும் அவர் கைப்பேசியில் இருக்கின்றன. எனக்கு ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். கிரீஸ் படிந்த கட்டைவிரல், சால்னா பட்ட கட்டைவிரல், மருதாணி போட்ட சுண்டுவிரல், நடுவில் ஒரு சீட்டு. ஒரு டிரைவர் சீட்டை நாலாக மடித்துக் காதிடுக்கில் செருகியிருந்தாராம். இன்னொருவர், "யம்மா, செக்கிங்கா?" என்று பயந்துபோய் லைசென்ஸையும் சேர்த்து நீட்டியிருக்கிறார். அதையும் படம் எடுத்திருக்கிறார் ஐரீன்.

எல்லா எடையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் ராமதாஸ் கூண்டுக்கு வந்து, "கண்ணு தெரியாம எத்தையோ அமுக்கி எல்லாத்தையும் தொடச்சிட்டா" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். மலிகாவும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். ஐரீனை வாய் திறக்க விடவில்லை. உண்மை தெரிந்தால் ஐரீனையும் மாற்றிவிடுவார், அப்புறம் தனக்காகப் பேச ஒரு ஆள்கூட மிஞ்சாது என்பது மலிகாவின் கணக்கு. "நீ சும்மா குந்து யக்கா" என்று சொல்லிவிட்டாராம். சும்மா உட்கார முடியாத ஆளிடம் போய்ச் சொன்னால்?

நான் போயிருந்த அன்று மதியம், சொன்னபடியே ராமதாஸ் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, ஜார்ஜின் கட்டிலில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, அறுபது வயசு. ஏசிக் காற்று பட்டதும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் சுகம் கண்டார்.

"மலிகா மேல எனுக்கு ஒண்ணும் கோவம் இல்லமா. ஆனா பேஜாரு ஆவுது. ரோட்டாண்ட அத்தினி வண்டி நிக்குது, எல்லாம் என் சட்டயத்தான் பிடிக்கிறான். புதுச போட்டுக் குடு. அதுக்கேத்த ஆள நான் பாத்துக்குறேன்."

ஐரீன் ஸ்வெட்டரின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு ஒரேயடியாகச் சொன்னார்: "ண்ணா, அன்னிக்கி அத்த அழிச்சது மலிகா இல்ல. நானு."

நடந்ததை மறைக்காமல் சொன்னார். இரட்டை, பொத்தான், மதியம் தான் தட்டிய ஒரு தட்டு. ஜார்ஜ் பூண்டுத் தட்டோடு கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

"அப்போ மாத்த வேண்டியது உன்னத்தான்" என்றார் ராமதாஸ்.

"மாத்திக்கோங்கண்ணா. கீழ் போர்ஷன மட்டும் இடிக்காதீங்க. ஒருவாட்டி பாருங்க, அப்பால சொல்லுங்க."

மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் கீழ் போர்ஷன், ஒன்றில் மாடி. சுவரில் ஓட்டை அன்று காலையிலிருந்து நிஜமாகவே திறந்திருந்தது. இரட்டைக்கு மட்டும் இப்போது சிவப்பு எழுத்துக் கொடுத்திருப்பதாகவும், இனி யாரும் ஏமாற முடியாதென்றும் ஐரீன் சொன்னார். ராமதாஸ் அதற்குத் தலையாட்டவில்லை. மணலியில் ஏதோ ஒரு லாரி மேடை ஏறியிருக்க வேண்டும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் விழுந்தன. அங்கே மலிகாவின் விரல் ஓடுவது இங்கே தெரிந்தது. ராமதாஸ் கட்டிலில் சாய்ந்தபடியே வண்டி நம்பரையும் எடையையும் உரக்கப் படித்தார்.

"இப்ப இந்தாண்ட பாருங்கண்ணா. அதே வந்துகீதா?"

ராமதாஸ் மற்ற திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். எழுந்து வந்து மேசையில் கையூன்றிக் குனிந்தார். சட்டைப் பையைத் தடவினார். இன்னொரு பையையும் தடவினார்.

"கண்ணாடி கார்லயே கீது" என்றார். "நீயே படிமா."

ஐரீன் படித்தார். அதே நம்பர், அதே எடை. ராமதாஸின் பையில் கைப்பேசி அதிர்ந்தது, சீட்டு வந்திருந்தது. அவர் அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார், பிறகு பைக்குள் போட்டுக்கொண்டார். பச்சை எழுத்தை மறுபடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஜார்ஜ் பூண்டு உரிப்பதிலேயே கண்ணாக இருந்தார், வாயை அடக்குவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"எத்தினி வூட்ட வேணா வெச்சிக்கோ. எனுக்கு வண்டி நிக்கக் கூடாது" என்றார் ராமதாஸ் கடைசியில். கதவு வரை போனவர் நின்றார். "எதுனா ஆச்சின்னா அவள கேக்க மாட்டேன். உன்னத்தான் கேப்பேன்."

அவர் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் ஐரீன் மலிகாவைக் கூப்பிட்டார். ஹாரன்களுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னார். மலிகாவின் குரல் வந்தது: "யக்கா, வண்டி ஏறிட்ச்சி. அப்பால பேசுறேன்."

ஐரீன் கைப்பேசியை மேசையில் வைத்தார். பீரோவிடம் போய், கட்டைவிரலை நாக்கில் தொட்டு, '31 காலி' என்பதை அழுத்தித் துடைத்தார். சுண்ணாம்பு ஈரத்தில் இழுபட்டது. ஸ்வெட்டர் நுனியால் இன்னொரு தடவை துடைத்தார். துடைப்பதற்கு முன் எடுக்க வேண்டிய படத்தை நினைத்து நான் மேசையைப் பார்த்தேன். கைப்பேசி வைத்த இடத்திலேயே கிடந்தது.